குழந்தை நலம், இருவருக்கு அனுப்பவும்

ஒருவர் நோயாளி ஆவதற்கு அந்த மருத்துவமனையில் ஒரு படிவம் உண்டு. ஒரே பக்கம், ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். நோயாளியாக இருந்தவர் இனி நோயாளி அல்ல என்று ஆவதற்கு மட்டும் படிவம் கிடையாது. அப்படியொரு நிலைமை ஏற்படக்கூடும் என்று நிர்வாகம் எதிர்பார்க்கவில்லை.

அந்த நிலைமைதான் வாலுவுக்கு ஏற்பட்டுவிட்டது. வாலுவுக்கு ஆறு வயது. வீட்டில் வைத்த பெயர் வேறு. வார்டில் நர்ஸுகள் வைத்ததுதான் நிலைத்தது. ஈரல் வீங்கி, கண்ணெல்லாம் மஞ்சளாகி, மூன்று வாரம் துவண்டு கிடந்தவள் இப்போது கட்டிலுக்குக் கட்டில் தாவிக்கொண்டிருந்தாள்.

கல்லீரல் டாக்டரம்மா அவளைப் பிடித்து நிறுத்தி வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "ஈரல் ஜம்முனு இருக்கு. கூட்டிட்டுப் போங்க."

அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. தினமும் பிள்ளையின் கீழிமையை இழுத்து, விழி வெளுப்பாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கை பழகியிருந்தது. இப்போதும் ஒரு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டாள். வெளுப்புதான்.

"ஸ்கூல்ல ஒரு சீட்டு கேக்கிறாங்க டாக்டரம்மா. இனிமே வைத்தியம் வேண்டாம்னு. திங்கட்கிழமைக்குள்ள கொடுக்கலேன்னா அவ இடத்தை வேற பிள்ளைக்குக் கொடுத்துடுவாங்களாம்."

டாக்டரம்மா 'குழந்தை நலம்' என்று இரண்டே சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "சீல் கீழே ஏற்பியில இருக்கு" என்றபோது மட்டும் ஏனோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏற்பி என்பது போன மாதம் வரை டோக்கன் கவுண்டராக இருந்தது. அது ஏற்பியான வரலாறு பின்வருமாறு.

கண்காணிப்பாளர் ஐயா உடம்பிலுள்ள செல்களின் ஏற்பிகள் பற்றிய ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தார். முதல் நாள் காலையில், செல்லின் வாசலில் ஏற்பி என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது, வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கி உள்ளே தருகிறது, உள்ளே இருப்பவை அதை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்துகின்றன, கடத்தக் கடத்தச் சேதி வலுப்பெறுகிறது என்று சொன்னார்கள். ஐயாவுக்குப் புல்லரித்தது. 'இதுவன்றோ நிர்வாகம்!' என்று குறித்துக்கொண்டார். பிறகு தேநீர் இடைவேளை விட்டார்கள். தேநீர் நன்றாக இருந்ததால் ஐயா மறுபடி உள்ளே போகவில்லை.

திரும்பி வந்ததும் ஆணை பிறந்தது. 'எந்த மேசைக்கு எந்தச் சேதி வந்தாலும், தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும் இரண்டு மேசைகளுக்கு அனுப்புதல் வேண்டும். அனுப்புமுன் உரிய முறையில் வலுப்படுத்துதல் வேண்டும்.'

டோக்கன் அண்ணன் இப்போது ஏற்பி அலுவலர். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நலம்னா... என்ன சேதிம்மா இது?"

"சேதி ஒண்ணும் இல்லண்ணே. சரியாப் போச்சு, அவ்வளவுதான். ஒரு சீல் மட்டும் போட்டுக் கொடுங்க."

"சேதி இல்லேன்னா எதுக்குச் சீல்? சீல் போட்டா அது சேதி. சேதின்னா ரெண்டு பேருக்குப் போகணும். போய்ட்டு வரட்டும். மூலம் எங்கிட்டயே பத்திரமா இருக்கும்."

சீட்டின் நகல் போயிற்று. முதல் மேசை 'குழந்தையின் நலம் குறித்து' என்று வலுப்படுத்தியது. அடுத்தது 'குழந்தையின் நலம் குறித்துக் கவனம் தேவை' என்றது. அதற்கடுத்தது 'உடனடியாக' என்பதைச் சேர்த்தது. இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, அதற்குமேல் மேசை இல்லாததால் சீட்டு சலவைப் பிரிவுக்கும் வாகனப் பிரிவுக்கும் பரவியது.

புதன்கிழமை காலை ஆம்புலன்ஸ் சைரன் அலற வீட்டு வாசலில் வந்து நின்றது. எதிர்வீட்டு அக்கா ஒரு டம்ளரில் பச்சையாக எதையோ ஏந்திக்கொண்டு ஓடி வந்தாள். கல்லீரலைக் கழுவும் சாறு. அந்தத் தெருவில் ஈரலைக் கழுவாதவர்கள் இப்போது யாருமில்லை.

"என்னடி, திரும்பவுமா?"

"இல்லக்கா, சரியாப் போச்சு. அதான் ஆம்புலன்ஸ் வந்திருக்கு."

டிரைவர் ஒரு கடிதம் நீட்டினார். வாலுவுக்குப் பதினான்காம் எண் கட்டில் ஒதுக்கப்பட்டிருந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து சேர வேண்டும். போர்வையைத் தனியாக மூட்டை கட்டி எடுத்துவரும்படி சலவைப் பிரிவு கேட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அம்மா மகளை இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள். புதிது புதிதாகப் பெருகிய மேசைகளுக்கு அறை வேண்டுமே என்று தாழ்வாரம் முழுக்கப் பலகை அடித்துத் தடுத்திருந்தார்கள். ஒவ்வொரு தடுப்பிலும் 'தற்போதைய நிலை அறிய' வாலுவின் விரலில் ஊசி குத்தினார்கள். டாக்டரம்மாவின் அறையைக் கண்டுபிடிப்பதற்குள் ஆறு விரலில் பஞ்சு. டாக்டரம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். நோயாளிகள் யாருக்கும் அங்கே வர வழி தெரியவில்லை.

"அந்த மனுஷன் பாதியைத்தான் கேட்டுட்டு வந்திருக்கார்" என்றார் அவர். "மீதியை நான் கேட்டேன். சேதி சொல்லி முடிச்ச ஏற்பியை செல்லு அப்படியே உள்ளே இழுத்து அரைச்சுத் தீர்த்துடும். அப்பத்தான் சேதி நிக்கும். நிக்கலேன்னு வைங்க, 'வளரு, வளரு'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும், செல்லு பெருகிக்கிட்டே போகும். புற்றுநோய் பலதும் அப்படி வர்றதுதான். வீக்கமும் அதே கதை. காயத்தை ஆத்த வருது. ஆத்தினதும் போகணும். வருஷக்கணக்கா போகாம உக்காந்துட்டா தழும்பு மேல தழும்பு விழுந்து ஈரலே இறுகிப் போகும்."

அம்மா பலகைத் தடுப்புகளை எட்டிப் பார்த்தாள். "உங்க தாழ்வாரத்துக்கு இது முத்தின நிலையா டாக்டரம்மா?"

நேரே கண்காணிப்பாளரிடம் போய், தேநீருக்குப் பிந்தைய பகுதியை மூச்சு விடாமல் சொன்னாள். ஐயாவின் முகம் மலர்ந்தது.

"அருமை! நிறுத்தற் பிரிவு ஒண்ணு தொடங்கிடலாம். ஒரு தலைவர், ரெண்டு துணைத்தலைவர்."

"திங்கட்கிழமைக்குள்ள முடியுமா ஐயா?"

"ஆள் எடுக்கவே ஆறு மாசம் ஆகும்மா. உங்க யோசனையை இப்பவே ரெண்டு பேருக்கு அனுப்பிடறேன்."

அம்மா படியிறங்கி வந்தாள். ஏற்பி அலுவலர் முன்னால் அந்த மூலச் சீட்டு இருந்தது. வாலுவின் ஏழாவது விரலுக்கு ஒருவர் பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தச் சீட்டை ஒரு நிமிஷம் காட்டுங்களேன்."

கொடுத்தார். அம்மா அதை நாலாக மடித்தாள். கன்னியர் மடப் பள்ளியில் பத்து வருஷம் படித்து, வாயைத் திறக்காமல் மெல்லப் பழகியவள். அப்படியே மென்றாள். விழுங்கினாள்.

"அம்மா பேப்பர் தின்னுட்டா!" வாலு கைதட்டிக் குதித்தாள்.

அண்ணன் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், ஆணையைப் புரட்டினார். "மூலம் இல்லேன்னா நகல் செல்லாது. நகல் செல்லலேன்னா கோப்பு இல்ல. கோப்பு இல்லேன்னா..." நிமிர்ந்து வாலுவைப் பார்த்தார். "இப்படி ஒரு நோயாளியே இங்க இருந்ததில்லையே!"

"அதையே எழுதிக் கொடுத்துடுங்கண்ணே."

எழுதினார். சீலும் அழுத்திக் குத்தினார்.

"இதை ரெண்டு பேருக்கு அனுப்ப வேண்டாமா?"

"இல்லாத நோயாளியைப் பத்தி யாருக்கும்மா அனுப்பறது?"

திங்கட்கிழமை பள்ளியில் சீட்டை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்கள். குணமான பிள்ளையைவிட, நோயே வராத பிள்ளை அவர்களுக்கு விசேஷம். கேட்டில் அம்மா பிள்ளையின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். வெளுப்புதான். வாட்ச்மேனிடம், "பிள்ளை நல்லாத்தான் இருக்கா, சும்மா ஒரு கண்ணு வெச்சுக்குங்கண்ணே" என்றாள். மனசு கேட்காமல் உள்ளே ஓடி டீச்சரிடமும் அதையே சொன்னாள்.

இரண்டே இரண்டு பேரிடம்தான்.

பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. "உங்க பொண்ணு நல்லா இருக்கிறதா நாலா பக்கமிருந்தும் தகவல் வருது. உடனே புறப்பட்டு வாங்க."

பள்ளியின் நோயாளி அறைப் பெஞ்சில் உட்கார்ந்து வாலு காலாட்டிக்கொண்டிருந்தாள். மேசையில் ஒரு சீட்டு. 'குழந்தை நலம் எனத் தாயார் தெரிவித்ததால், உடனடிக் கவனம் கோரி மருத்துவமனைக்குத் தகவல் தரப்பட்டது.'

அம்மா அதைப் படித்தாள். படித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கை தானாகப் போய்ப் பிள்ளையின் கீழிமையை இழுத்தது.

தெருமுனையில் சைரன் கேட்டது. வாலு அந்தச் சீட்டை எடுத்து, நாலாக மடித்து நீட்டினாள்.

"இந்தாம்மா. சீக்கிரம் தின்னு."