ரெக்கார்டில் வராத மாப்பிள்ளை

ரெக்கார்ட் மாமாவின் கம்ப்யூட்டரில் வராத எதுவும் இந்த உலகத்தில் கிடையாது. கடவுளுக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தார். அதுவும் பக்தியால் அல்ல, மாமிக்குப் பயந்து.

தொண்ணூறுகளின் கடைசியில், தி.நகர் மாடியறை ஒன்றில் நாங்கள் கடைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். மாமாதான் சிஸ்டம் அட்மின். கறுப்புத் திரையில் ஒரு கட்டளையையும் கூடவே கம்பெனியின் இணையப் பெயரையும் தட்டுவார். அந்தப் பெயர் எந்த சர்வரில் குடியிருக்கிறது என்று பதில் வரும்; அதைத்தான் அவர் ரெக்கார்ட் என்பார். வந்தால் ஆள் உண்டு. வராவிட்டால், எதிரே நின்று பேசினாலும் ஆள் இல்லை. ஒரு பட்டுப் புடவைக் கடை முதலாளியை இப்படித்தான் வாசலிலேயே மடக்கினார்.

"பனகல் பார்க் எதிர்லயே கடை இருக்குய்யா!"

"பார்க் கிடக்கட்டும் சார். நெட்ல இருக்கீங்களா?"

"அதுக்குத்தானேய்யா உங்ககிட்ட வந்திருக்கேன்!"

இந்த மனிதரிடம் போய் என் அப்பா என் கல்யாணத்தை ஒப்படைத்தார். பையன் அடையாறு. நல்ல வேலையை உதறிவிட்டு, சொந்தமாக இன்டர்நெட் கம்பெனி ஆரம்பித்திருந்தான். ஜாதகம் பொருந்தியது. எனக்கும் பையனைப் பிடித்துவிட்டது. அப்பாவுக்கு மட்டும் கம்பெனி மேல் சந்தேகம். மாமா தட்டிப் பார்த்து, "அப்படி ஒரு பேரே இல்லைன்னு வருது சார்" என்றார். அப்பா உடனே பையன் வீட்டுக்குப் போன் போட்டு, மயிலாப்பூர் முழுக்கக் கேட்கும்படி "ஃபிராடு" என்று கத்தினார். மறுநாள் சாயங்காலமே வடபழனியிலிருந்து வேறொரு வரன் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடாகிவிட்டது.

மறுநாள் காலை பையனே எங்கள் ஆபீசுக்கு வந்து நின்றான்.

"சார், நான்தான் அந்தக் கம்பெனி."

"நீங்க வந்துட்டீங்க தம்பி. ரெக்கார்ட் வரலையே."

"முந்தாநாள்தான் பேரைப் பதிவு பண்ணினேன் சார். எல்லா சர்வருக்கும் போய்ச் சேர ஒண்ணு ரெண்டு நாள் ஆகுமே. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். வாடிக்கையாளர்களிடம் தினமும் இதைச் சொல்லித்தான் சமாளிப்பார். கல்யாணம் என்றதும் மனிதருக்கு மறந்து தொலைத்திருக்கிறது. "இப்பவே அப்பாகிட்ட சொல்லுங்க மாமா" என்று நான் கெஞ்சினேன்.

"ரெக்கார்ட் வராம எப்படிம்மா சொல்றது? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்ல?"

பையன் பெஞ்சில் உட்கார்ந்தான். மாமா தட்டினார். இல்லை. மறுபடியும் தட்டினார். இல்லை. மத்தியானம் மாமி கட்டிக் கொடுத்த தயிர் சாதத்தை அவர் திறக்கவே இல்லை. "வாடா கண்ணா, வந்துடுடா" என்று திரையிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்குப் பதில் வந்தது. மாமா போனில் பாய்ந்தார். "சார்! மாப்பிள்ளை இருக்கார்! வடபழனிக்காராளை வர வேண்டாம்னுடுங்கோ!"

பிறகு, காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துக் கை கூப்பினார். "வாங்கோ மாப்பிள்ளை, இப்பதான் வந்தேளா?"

அன்றைக்கு நான் மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லை, மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கல்யாணம் நடக்க வேண்டும் என்று பெற்ற அப்பாகூட அப்படித் தவித்ததில்லை.