கோழிக்குக் காது கொடுத்தவர்

இது நான் கண்ணால் பார்த்த கதை இல்லை. எங்கள் அலுவலகக் காசாளர் சொன்னது. கதையில் வரும் லிஃப்ட் மெக்கானிக்குக்கு அவர் எதிர் ஃபிளாட். எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். நான் கொஞ்சம் குறைத்து எழுதுகிறேன்.

மெக்கானிக்குக்கு வாரத்தில் ஆறு நாள் வேலை. ஏழாவது நாள் மாமியார் வீடு. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். போனால் மாமனார் பிடித்து உட்காரவைத்து, தன் முழங்கால் வலியின் வரலாற்றை முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒரே ஒரு ஞாயிறாவது வீட்டில் குப்புறப் படுத்துத் தூங்கவேண்டும். மனிதருக்கு வாழ்க்கையில் வேறு லட்சியமே கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை துணிந்து சொல்லிவிட்டார்.

"இனிமே ஞாயித்துக்கிழமை உங்க அம்மா வீட்டுக்கு நான் வரமாட்டேன்."

மனைவி பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை. "சரி. அப்ப சாப்பாடு?"

"நானே சமைச்சுக்குவேன்."

"நீங்களா? நீங்க வெந்நீர் வச்சாலே அடிபிடிக்குமே!"

"கோழியே சமைப்பேன். புஸ்தகம் பாக்காம, வீட்ல இருக்கற காயையும் தழையையும் வச்சே!"

"நல்லா வந்தா நீங்க அங்க வரவே வேணாம். சொதப்புனா இனிமே சனிக்கிழமையே அங்க கிளம்பணும். தீர்ப்பு சொல்ல அம்மாவையே கூப்பிடறேன்."

மாமியார் எந்தச் சாப்பாட்டையும் பாராட்டியதாகச் சரித்திரம் இல்லை. ஆனாலும் ரோஷம் விடவில்லை. "வரச்சொல்லு!"

ஞாயிறு காலை கோழி வந்தது. தக்காளி இல்லை. எலுமிச்சை இருந்தது. கேரட், குடைமிளகாய், வெங்காயத்தாள், ஒரு கட்டு புதினா, வாடாத மல்லித்தழை. எல்லாவற்றையும் கழற்றிப்போட்ட மோட்டாரின் பாகங்கள்போல மேடையில் வரிசையாக வைத்தார். அடுப்பை மூட்டினார். வாணலிப் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"என்னங்க, கோழிகிட்ட ரகசியம் பேசறீங்களா?"

"பேசல, கேக்கறேன். சும்மா இரு. சத்தம் மாறுது."

இருபது வருடமாக மோட்டாரின் கோளாறைச் சத்தத்திலேயே கண்டுபிடித்த காது. சடசடவென்றால் ஈரம் இருக்கிறது, பொறு. உறுமினால் தீயைக் குறை. முனகினால் காயைப் போடு. அடங்கியதும் எலுமிச்சை பிழிந்து, தழைகளைக் கிள்ளித் தூவி மூடினார். வாசனை வாசல் தாண்டி எதிர் ஃபிளாட் கதவைத் தட்டியது. காசாளர் சத்தியம் செய்கிறார்.

மாமியார் ஒரு வாய் வைத்தார். தட்டு காலியானதும் நீட்டினார். மூன்றாவது முறையும் நீட்டினார். கூடவே வந்த மாமனார் முழங்காலை மறந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, நாப்பது வருஷமா சமைக்கறேன். இப்படி ஒரு கோழி எனக்கே வந்ததில்ல!"

மெக்கானிக் நெஞ்சை நிமிர்த்தினார். "கேட்டியா?"

"கேட்டேன். ஜெயிச்சுட்டீங்க. இனிமே நீங்க அங்க வரவேணாம்."

"ஆமாமா, அவர் எதுக்கு அலையணும்?" என்றார் மாமியார். "வாராவாரம் நாங்களே வந்துடறோம். அடுத்த தடவை காளான் போட்டுப் பாருங்க."

"என்னது இது?" என்று மெக்கானிக் மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"நீங்க போகவேணாம்னுதானே பேச்சு? அவங்க வரக்கூடாதுன்னு யார் சொன்னா?"

அப்போதும் மனிதர் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் காளான், அதற்கடுத்த வாரம் பூசணி. ஒவ்வொன்றும் முந்தினதைவிட அமர்க்களமாம்.

காசாளர் சொன்னதில் ஒன்றை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை. நேரில் போய்ச் சரிபார்த்தேன். உண்மைதான்: மாமனாரும் மாமியாரும் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குக் குடிவந்துவிட்டார்கள்.