விற்பனையின் மேல் இருந்த ஐயா

வாய் திறக்காத மனுசியைச் சங்கத் தலைவி ஆக்கினால் சண்டை வராது என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் பனையோலை மாதர் சங்கத்துக்குத் தலைவியானது அப்படித்தான். (கூட்டத்தில் நான் பேசிய முழுப் பேச்சும் "ஓம்". அதையும் பக்கத்தில் இருந்தவதான் சொல்லித் தந்தவ.)

போர் ஓய்ந்து பாதை திறந்திருந்த சமாதான காலம் அது. ஒரு உதவி நிறுவனம் குறிகட்டுவான் இறங்குதுறையில் எங்கள் பெட்டி, கடகம் விற்க ஒரு கடை கட்டித் தர வந்தது. அதுவரை நிலத்தில் பரப்பித்தான் விற்றோம். காற்று எழும்பினால் பாதிப் பெட்டி, படகுக்கு நிற்கிற சனத்துக்கு முன்னமே நயினாதீவு போய்விடும்.

கடைக்கு ஒரு நிபந்தனை. சங்கம் தன் விற்பனைக் கணக்கை வைத்து எவ்வளவு யோசிக்கிறது என்று அளக்க ஒரு ஐயா வருவார். அளவு ஐந்து படி. கணக்கே இல்லாவிட்டால் முதற்படி, எழுதி மட்டும் வைத்தால் இரண்டு. ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று பார்த்தால் மூன்று. அதை வைத்து ஒரு முடிவும் எடுத்திருந்தால் நான்கு. வரப்போவதை முன்கூட்டியே சொல்பவர்களுக்கு ஐந்து. எங்களுக்கு நான்கு வேண்டும்.

ஏறியே தீருவது என்று நின்றேன். ஆனால் வாயால் விளங்கப்படுத்த என்னால் ஏலாது. அதனால் கணக்கைப் பாயாக இழைத்தேன். மாதத்துக்கு ஒரு சாயக் கோடு, கூட விற்ற மாதத்துக்கு நீளக் கோடு. நயினாதீவுக் கோயிலின் ஆனித் திருவிழாவுக்கு இழைத்த சிவப்புக் கோடு பாயின் மறுகரையையே தொட்டது. (அந்தச் சிவப்பு ஓலையை அவசரத்தில் சாயத்தோடு வடிவாக அவிக்கவில்லை.) பாயை விறாந்தைச் சுவரில் தொங்கவிட்டேன். விரலால் காட்டினால் போதும், பேச்சே வேண்டாம்.

ஐயா வெள்ளைக் காற்சட்டையோடு வந்தார். நல்ல மனுசன். கதிரை வேண்டாம், உங்களோடு நிலத்திலேயே இருக்கிறேன் என்றார். நான் தேத்தண்ணீர் ஊற்றக் குசினிக்குள் போய் வந்து பார்த்தால், சுவர் வெறுமை. ஐயா பாயின் மேல்.

உதவிக்கு வந்த பக்கத்து வீட்டு மேரியக்காவின் காதுக்குள் கேட்டேன்: "என்னணை செய்தனீங்கள்?"

"பின்னை, வந்த மனுசனைப் பழம்பாயிலயோ இருத்துறது? இதுதானே புதுசு."

"அது கணக்கணை."

"இருந்த ஆளை இனி எழும்பச் சொல்ல ஏலுமே?"

ஐயா தேத்தண்ணீரை வாங்கிக்கொண்டு, "சரி அம்மா, உங்கட விற்பனை விபரத்தைப் பார்ப்பமோ?" என்றார். அவர் ஆனியில் இருந்தார். ஒரு கால் ஆவணி வரை நீண்டிருந்தது.

"ஓம்" என்றேன்.

"எங்க இருக்கு?"

"ஓம்."

பேனையை எடுத்தார். முதற்படிதான் எழுதப்போகிறார் என்று விளங்கியது. கடை கடலோடு போகிறது. விடுவதில்லை என்று குனிந்து பாயின் கரையைப் பிடித்தேன். "எழும்புங்கோ ஐயா" என்ற சொல் வரவில்லை. பாய் மட்டும் வந்தது. தேத்தண்ணீர் முழுவதும் ஐயாவின் மடியிலும் பாயிலும்.

பதறி எழுந்து திரும்பினார். வெள்ளைக் காற்சட்டையின் பின்பக்கத்தில், சிவப்பாக, எங்கள் ஆனி மாதம்.

"ஐயா, உங்களில ஏதோ ஒட்டியிருக்கு" என்றா மேரியக்கா.

அப்போதுதான் என் வாய் திறந்தது. "அதுதான் ஐயா எங்கட திருவிழா விற்பனை. ஆனிக்கு முன்னம் இனி இரண்டு பங்கு பெட்டி இழைக்கப் போறம்."

"எங்க?" என்று அவர் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நான் பாயைத் தூக்கிக் காட்டினேன்.

மூன்றாம் படி தந்தார். இழைக்கப் போவது முடிவல்ல, இழைத்தால்தான் முடிவாம். இழைத்தோம். அடுத்த வருடம் இரண்டு பங்கும் விற்றுத் தீர்ந்த பிறகு ஐயா திரும்ப வந்தார், கறுப்புக் காற்சட்டையோடு. வாசலிலேயே கதிரை கேட்டு வாங்கி இருந்துதான் நான்காம் படியை எழுதினார்.

கடை வந்தது. ஆனால் இன்றைக்கும் வீட்டுக்கு வந்தவர்கள் எழுந்து படலை தாண்டும்போது, என் மருமகள் அவர்களின் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுவாள்:

"மாமி, ஆனி பத்திரமா இருக்கு."