அம்மன் இறங்கிய இடம் எல்லை

தன் ஊரை யாரோ திருடிவிட்டார்கள் என்று போலீஸில் புகார் கொடுத்த மனிதர் சென்னைப் பட்டணத்தின் சரித்திரத்திலேயே ஒருவர்தான். மயிலாப்பூருக்கு மேற்கே ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்த கம்பவுண்டர் அவர். பெயரைக் கேட்டால், "மருந்து வேணுமா, பேரு வேணுமா?" என்று சீறுவார். ஆகவே எல்லோருக்கும் அவர் கம்பவுண்டர்தான்.

திருட்டுப் போன ஊர் கோரைப்பாக்கம். மாம்பலம் ஏரிக்கரையில் கொஞ்சம் குடிசைகள், ஒரு கிணறு, ஓர் எல்லையம்மன் கோயில். பட்டணத்துக்கும் செங்கல்பட்டு ஜில்லாவுக்கும் ஏரித் தண்ணீரின் விளிம்புதான் எல்லை என்பது ஊரார் கணக்கு. தண்ணீர் என்ன, மதில் சுவரா? மழைக்காலத்தில் மேட்டிலிருந்த ஊரைச் சுற்றிக்கொண்டு தாண்டி வரும், கோடையில் பின்வாங்கும். ஆக, கோரைப்பாக்கம் ஐப்பசியில் ஜில்லாவிலும் சித்திரையில் பட்டணத்திலும் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஏரியைத் தூர்த்து மனை போட்டார்கள். ஏரியோடு எல்லையும் போயிற்று. ஊர்க் கிணறு கலங்கியது. குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும். ஒரு குழாய் போடுங்கள் என்று கேட்டால், பட்டணத்து அதிகாரிகள் "நீங்கள் ஜில்லா" என்றார்கள். ஜில்லாக்காரர்கள் "நீங்கள் பட்டணம்" என்றார்கள். புதிய வரைபடத்தில் ஊர் இருந்த இடத்தில் பூங்கா! மனிதர்கள் குடியிருக்கும் இடத்தில் பச்சை மையைத் தடவ எந்தக் கைக்கு மனம் வந்ததோ! பழைய வரைபடத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்றும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அதற்குத்தான் அந்தப் புகார். ஸ்டேஷனுக்குத் துணையாக நானும் போயிருந்தேன்.

"களவு போன சொத்துக்கு அடையாளம் என்னய்யா?" என்றார் ஏட்டையா.

"ஒரு கோயிலு, ஒரு கெணறு, தெரு பூரா நாயி."

"கடைசியா எங்க பாத்தே?"

"இர்ந்த எடத்துலயேதான் கீது நைனா! அதான் வயித்தெரிச்சல்!"

அவர் வாயிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களும் தப்பவில்லை. முதல் தடவை நான் வயிற்றுவலியோடு போனபோது, சீசாவைக் கையில் பிடித்துக்கொண்டே, "வூடு எங்க கீது?" என்றார்.

"மாட வீதியில்."

"கொயா கீதா?"

"குழாய் இருக்கிறது."

"கொயாத் தண்ணி குடிச்சிகினே வயித்து வலியா? வெக்கமா இல்ல?"

மருந்தைவிட அது கசந்தது. ஆனால் எனக்குப் பின்னால் கோரைப்பாக்கத்துப் பெண் ஒருத்தி, துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அவளிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. என் சீசாவை அப்படியே வைத்துவிட்டு அவள் குழந்தைக்கு முதலில் மருந்து கலக்கினார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆடியில் எல்லையம்மனைச் சுமந்து புறப்படுவார்கள். ஏரித் தண்ணீர் எந்த இடத்தில் தரையைத் தொடுகிறதோ அங்கே இறக்கி, அந்தத் தண்ணீரால் பாதம் கழுவிப் பூசை போடுவார்கள். அந்த வருஷத்துக்கு அதுதான் ஊரின் எல்லை. ஏரி போன பிறகு, எங்கே இறக்குவது என்று ஊரே விழித்தது.

"தண்ணி எங்க கீதோ அங்க எறக்கு!" என்றார் கம்பவுண்டர். ஆஸ்பத்திரிக்கு மட்டம் போட்டுவிட்டு மேளத்துக்கு முன்னால் அவரே நடந்தார். தண்ணீர் இருந்தது புதிய மனையில், ஓர் ஓவர்சியர் வீட்டு வாசல் தெருக்குழாயில். வரைபடத்தில் பூங்காவைக் காட்டிக் கோரைப்பாக்கத்தாரைத் திருப்பி அனுப்பியவர் அதே ஓவர்சியர். அம்மன் அங்கே இறங்கினாள்.

"யாரைக் கேட்டுண்டுய்யா என் ஆத்து வாசல்ல எறக்கறே?"

"தண்ணியைக் கேட்டுகினு எறக்குனேன் சாமி. இனிமே உங்க வூடு எங்க ஊர்ல கீது."

ஓவர்சியர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி மஞ்சள் நீரும் ஆரத்தித் தட்டுமாக வந்துவிட்டார். "அம்பாள் வீடு தேடி வந்திருக்கா. ஜில்லாவா பட்டணமான்னு அவள்ட்ட விசாரிச்சுண்டு நிக்கறேளே!"

மறுநாள் விடியும் முன்பே கோரைப்பாக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் அந்தக் குழாயடியில். குடங்கள் மோதும் சத்தத்தில் ஓவர்சியரின் சந்தியாவந்தனம் நின்றது, தூக்கம் போயிற்று. விரட்டலாமென்றால் வீட்டுக்காரி முறைத்தார். கடைசியில் ஓவர்சியர் ஆஸ்பத்திரிக்கே வந்தார்.

"காலி பண்ணச் சொல்லுய்யா."

"எங்க ஊர்ல குடியிருந்துகினு எங்களையே காலி பண்ணச் சொல்றியே சாமி, நியாயமா?"

தை பிறப்பதற்குள் கோரைப்பாக்கத்துக்குக் குழாய் வந்துவிட்டது. இத்தனை வருஷம் முடியாது என்ற காரியம், ஓர் அதிகாரியின் தூக்கம் கெட்டதும் முடிந்தது!

பிறகு ஊர் பட்டணத்துக்குள் கரைந்தது. ஒரு சந்துக்குக்கூட அந்தப் பெயரை வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த மண்ணை மிதித்தே இராதவர்களின் பெயர்கள் தெருப் பலகைகளில் தொங்குகின்றன. யாரைக் கேட்டு வைத்தார்கள்?

குழாய் வந்த அந்தக் கோடையில், பேதியை நிறுத்த வழக்கம்போலக் கலக்கி வைத்த மருந்து சீசா குறையாமல் நின்றது. கம்பவுண்டர் வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தபடி இரைந்தார்: "எங்க ஊருக் கொயந்த ஒண்ணுகூட வர்லியே! இன்னா திமிரு பாரு அதுங்களுக்கு!"

அந்தத் திட்டைக் கேட்பதற்காகவே, வயிற்றில் ஒரு கோளாறும் இல்லாமல், அந்தக் கோடை முழுக்கப் போய் மருந்து வாங்கிக் குடித்தேன்.