சுட்ட கறிக்கு முப்பது மொட்டைக் கடுதாசி

"கறி தின்னவன்கிட்ட நல்லாருந்துச்சான்னு கேக்குறதுக்கு ஒரு காலேஜாக்கும்? அதுக்கு மூணு வருசமாக்கும்?"

என் அத்தை வீட்டுக்காரரான மாமா, 2003இல் எங்கள் வீட்டு வாசலில் நின்று கேட்ட கேள்வி இது. கேட்டதோடு விட்டாரா என்றால் இல்லை. "நீ போயிக் கேட்டா எவன் வாயத் தொறக்கப் போறான்? பேசாம எங்கூடத் திராட்சை வெட்ட வாத்தா" என்று வேலையும் போட்டுக் கொடுத்தார்.

அந்த வயதில் எனக்கு இருந்த தலைக்கனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். (பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆளும் நான்தான். அப்பா ஒரு முறை போயிருக்கிறார், சுற்றுச்சுவருக்குக் கல் சுமக்க.) கல்லூரி அடையாள அட்டையைத் தூங்கும்போது மட்டும்தான் கழற்றுவேன். எங்கள் ஊரான சுருளிப்பட்டியில் பால் வாங்கப் போனாலும் அது என் கழுத்தில் ஆடிக்கொண்டிருக்கும்.

பி.பி.ஏ. கடைசி வருடம். ஒரு கடையைத் தேர்ந்தெடுத்து, முப்பது வாடிக்கையாளர்களின் கருத்தைப் படிவத்தில் வாங்கி, திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். அதில் நல்ல மதிப்பெண் வந்தால்தான் எனக்கு முதல் வகுப்பு. முதல் வகுப்பு வந்தால்தான் மதுரைக்கு எம்.பி.ஏ. படிக்க அனுப்புவதாக அப்பாவின் வாக்கு. வராவிட்டால் மாமாவின் திராட்சைத் தோட்டம். ஆகவே அந்த முப்பது தாள்தான் என் மதுரை.

தோழிகள் சோப்பு, ஷாம்பு என்று போனார்கள். நான் கம்பத்தில் உள்ள பாய் கடையை எடுத்துக்கொண்டேன். இருபது வருடத்துக்கு மேலாக நடக்கும் சுட்ட கறிக் கடை. பாதியாக அறுத்த டிரம்மில் கரி நெருப்பு, அதன்மேல் கம்பியில் கோர்த்த ஆட்டுக்கறி, கோழி, காடை. வாழையிலைத் துண்டில் வைத்து, வெங்காயமும் எலுமிச்சைத் துண்டும் போட்டுத் தருவார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறந்தால் ரோட்டில் போகிற பஸ்ஸுக்குள்ளேயே வாசனை ஏறும். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. பாய் கடை என்றால் பாய் கடை. ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பெண்கள் வீட்டில் இருந்துகொண்டு பார்சலுக்குக் காத்திருப்பார்கள்.

படிவத்தை நானே தயாரித்தேன். ஆங்கிலப் பாடப் புத்தகத்தைப் பார்த்து நானே தமிழாக்கினேன். "தங்களது உணவருந்தல் அனுபவத்தின் திருப்தி நிலை யாது?" என்பது முதல் கேள்வி. (இப்போது படித்தால் எனக்கே பசி போய்விடுகிறது.) மேலே கொட்டை எழுத்தில் ஒரு குறிப்பு: "பெயர் எழுத வேண்டாம். இரகசியம் காக்கப்படும்." வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பெயர் இல்லாவிட்டால்தான் மக்கள் உண்மையைச் சொல்வார்களாம்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவின் வண்டியில் போய் இறங்கினேன். அப்பா அந்தக் கடைக்குப் பழைய ஆள். பாயிடம், "எம்மக. காலேஜுல எழுதணுமாம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். பாய் கம்பியைத் திருப்பியபடியே, "எழுதட்டும் எழுதட்டும், நல்லாப் படிக்கட்டும்" என்றார்.

நான் நடுவில் போய் நின்றேன்.

"மதிப்பிற்குரிய வாடிக்கையாளப் பெருமக்களே!"

(ஆமாம், பெருமக்களே என்றுதான் சொன்னேன். பேச்சுப் போட்டியில் எவர்சில்வர் தட்டு வாங்கியவள் வேறெப்படிப் பேசுவாள்?)

இருபது வாய் மெல்லுவதை நிறுத்தியது. படிவங்களைக் கொடுத்துக்கொண்டே போனேன். முதல் ஆள் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"இக்கடையைப் பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா... எதுக்கு? இப்பவே எடமில்ல. இன்னும் நாலு பேர வரச்சொல்லிட்டு நான் பட்டினி கெடக்கவா?"

சிரித்தார்கள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "குறைகளைத் தயங்காமல் எழுதுங்கள் ஐயா. பெயர் போட வேண்டாம். யார் எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது" என்றேன்.

சிரிப்பு நின்றது.

"பேர் போடாம, கொறைய மட்டும் எழுதணுமா?"

"ஆமாங்க."

"யாரு எழுதுனதுன்னு தெரியாது?"

"கடைசி வரைக்கும் தெரியாதுங்க!"

கண்டக்டர் படிவத்தைச் சூடான கம்பி மாதிரி கீழே போட்டார். "ஏத்தா, அதுக்குப் பேருதான் மொட்டைக் கடுதாசி! பாய் மேல என்னைய மொட்டைக் கடுதாசி எழுதச் சொல்றியா? பதினெட்டு வருசமா இவுக கையால திங்கிறேன்!"

அங்கே ஒரு சங்கதி எனக்குத் தெரியாமல் போயிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் கடைப் புகையைப் பற்றி யாரோ பெயர் போடாமல் மேலிடத்துக்கு எழுதிப் போட்டு, ஆபீசர் வந்து விசாரித்து, கடை மூன்று நாள் மூடிக் கிடந்திருக்கிறது. எழுதியவன் யார் என்று கம்பமே தேடிக்கொண்டிருந்தது. இப்போது முப்பது மொட்டைக் கடுதாசிகளோடு ஒருத்தி தானாகவே வந்து நிற்கிறாள், கழுத்தில் அடையாள அட்டையோடு.

"பஸ் ஸ்டாண்டுல புதுசா மிசின் வச்சுக் கோழி சுத்துறான்ல, அவன் அனுப்பிச்ச ஆளு" என்றார் குமுளி ரூட்டில் ஜீப் ஓட்டும் டிரைவர்.

"இல்லைங்க, இது புள்ளியியல்..." என்று தொடங்கினேன். அந்த நேரத்திலா அந்த வார்த்தை வர வேண்டும்? "புள்ளி வேற வைக்கணுமா?" என்றார் யாரோ.

விளக்கம் சொல்லும் அவசரத்தில் படிவக் கட்டைப் பெஞ்சின்மேல் வைத்தேன். அடுப்புக்கு வீசிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனுக்கு அதுதான் வேண்டியிருந்தது போலிருக்கிறது. தாள்கள் எழும்பி, வரிசையாகப் பறந்து, நெருப்பில் போய் விழுந்தன. பிடிக்கப் பாய்ந்தேன். என் முழங்கை பட்டு வெங்காயத் தட்டு கவிழ்ந்தது. எரிந்த தாள்கள் கருப்புப் பட்டாம்பூச்சிகளாக மிதந்து காடைகளின் மேல் நிதானமாக உட்கார்ந்தன. ஒரு காடையின் நெஞ்சில் "இரகசியம்" என்ற சொல் மட்டும் எரியாமல் ஒட்டியிருந்தது.

பாய் என்னைத் திட்டவில்லை. கெட்டுப்போன கறியை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். பிறகு அப்பாவைப் பார்த்து, "சுருளி, இனி நீயும் பார்சல் வாங்கிட்டுப் போயிருப்பா" என்றார். பெஞ்சில் உட்கார வேண்டாம் என்று அர்த்தம்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அப்பா சொன்னார்: "நான் கைநாட்டுத்தான். ஆனா கைநாட்டு வைக்காம ஒரு காயிதத்த எவன்கிட்டயும் நீட்டுனதில்லத்தா." மாமா அதற்குள் விஷயம் தெரிந்து வந்து உட்கார்ந்திருந்தார். "நாளைக்கு வெள்ளனே வந்துரு. கத்திரிக்கோல் தாரேன்" என்றார்.

அன்றைக்கு நான் அழுதேன் என்று எழுதினால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். அழவில்லை. கோபம்தான் வந்தது. முப்பது பேரிடம் நாலு வார்த்தை வாங்க முடியாமல் மதுரையை விட்டுக்கொடுப்பதா? அப்பா சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். காலையில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். சாயங்காலம் தனியாக பஸ் ஏறிக் கம்பத்துக்குப் போனேன். அடையாள அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

என்னைப் பார்த்ததும் கண்டக்டர் எழுந்து ஃபேனை அணைத்தார். அது ஒன்றுதான் வரவேற்பு.

நான் பாய்க்கு எதிரில் நின்று நோட்டைத் திறந்து, முதல் பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன்.

"சு. பாண்டீஸ்வரி, தகப்பனார் பேரு சுருளி, சுருளிப்பட்டி. பாய் கடைக் கறிய எட்டு வயசுல இருந்து திங்கிறேன். ருசியில ஒரு கொறையும் இல்ல. ஆனா சூடா ஒருநாளும் தின்னதில்ல. பார்சல் வீட்டுக்கு வர்றதுக்குள்ள ஆறிப் போயிருது. பொம்பளைக உக்காந்து திங்க இங்கன ஒரு பெஞ்சு இல்ல. இது என் கருத்து. இது என் கையெழுத்து."

பாய் கம்பியைத் திருப்பவே மறந்து நின்றார். "இதச் சொல்றதுக்கா நேத்து அம்புட்டுக் காயிதம்?" என்றார்.

"ஆமா பாய்."

"மூஞ்சிக்கு நேரா, பேரு போட்டுச் சொன்னா நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்?"

கண்டக்டருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "அப்ப எம்பேரையும் எழுதுத்தா. இனிஷியல் ரெண்டு, விடாமப் போடு. இந்த எலுமிச்சம்பழம் இருக்கே, முன்னெல்லாம் பிழிஞ்சாக. இப்பக் காட்டிட்டு எடுத்துக்கிறாக!"

மடை திறந்துவிட்டது. ஜீப் டிரைவர், விசிறியால் வீசிய காலத்து ருசி ஃபேன் வந்ததும் போய்விட்டது என்றார். இன்னொருவர் ஃபேன் வந்த பிறகுதான் கறி வெந்தே இருக்கிறது என்றார். இருவருக்கும் சண்டை வந்தது. இரண்டையும் எழுதிக்கொண்டேன். பெஞ்சில் ஆணி நீட்டியிருக்கிறது, இதுவரை மூன்று வேட்டி கிழிந்திருக்கிறது என்றார் ஒருவர், கிழிந்த இடத்தைக் காட்டி. எல்லாரும் பெயர், அப்பா பெயர், ஊர் சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். பாய் ஒவ்வொன்றுக்கும் அடுப்படியிலிருந்து பதில் கொடுத்தார். இருபத்தெட்டு ஆனதும், "என்னையும் எழுது. இவனுக வெங்காயம் மட்டும் நாலு தடவ கேக்குறானுக, அது கருத்தில்லையா?" என்று அவரும் ஒன்று சொன்னார். இருபத்தொன்பது.

இன்னும் ஒரு ஆள் வேண்டும். நிமிர்ந்து பார்த்தேன். கடை வாசலில், காடை பார்சலுக்காக, மாமா.

அவரை விட்டுவிட்டு வேறு ஆளுக்குக் காத்திருந்திருக்கலாம். போய் எதிரில் நின்றேன். "மாமா, கறி எப்படி?"

கடையே திரும்பிப் பார்த்தது. மாமா என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், பக்கம் பக்கமாகக் கிடந்த பெயர்களைப் பார்த்தார்.

"உப்புக் கொஞ்சம் தூக்கல்" என்றார். பிறகு மெதுவாக, "எம்பேரக் கொஞ்சம் பெருசா எழுது" என்றார்.

பேராசிரியர் நோட்டைப் பார்த்து, "பெயர்கள் எதற்கு? இது முறைப்படி தவறு" என்று சிவப்பு மையில் வட்டம் போட்டார். எங்கள் ஊரில் பெயர் இல்லாவிட்டால்தான் பொய் என்று நின்று வாதாடினேன். கொஞ்சம் குறைத்துத்தான் போட்டார். ஆனாலும் முதல் வகுப்பு நின்றது. மதுரைக்குப் போனேன், படித்தேன், இப்போது அங்கேயே வேலையும் பார்க்கிறேன்.

பாய் கடையில் இன்று பெண்களுக்கு ஒரு பெஞ்சு இருக்கிறது. ஒரு கால் கொஞ்சம் குட்டை. அதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பெயரோடு. ஊருக்கு வரும்போது வீட்டில் நான் குழம்பு வைத்தால் அப்பா முதல் வாய் வைத்துவிட்டுக் கேட்பார்: "பேரு போட்டுச் சொல்லவா, போடாமச் சொல்லவா?" அம்மா சிரித்துப் புரையேறிக் கிடப்பார். ஏழு வருடமாக இதே கதைதான்.

போன மாதம், முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொள்ளப் போகிறேன் என்றேன். மாமா, "இன்னும் படிப்பா? இனி யார்கிட்ட என்னத்தக் கேக்கப் போற?" என்றார்.

விண்ணப்பம் போட்டு, பதிவும் கிடைத்துவிட்டது. சின்ன ஊர் மக்கள் தங்கள் கருத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் தலைப்பு. முந்நூறு படிவம் அச்சடித்து வந்துவிட்டது. முதல் கேள்வி: உங்கள் பெயர். முதல் படிவத்தை நேற்று சாயங்காலம் மாமாவிடம் வாங்கிவிட்டேன். பெயரை அவர் சொன்னபடியே பெரிதாக எழுதியிருக்கிறேன்.