மேனேஜரின் நீல மீசை

படிப்பது நல்ல பழக்கம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். படித்ததை உடனே சமையலறையில் செய்து பார்ப்பது எப்படிப்பட்ட பழக்கம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அறுபதுகளில், கல்யாணமாகி பம்பாய்க்கு வந்த புதிது. மாதுங்காவில் ஒரே அறை, பொதுக் குழாய். (மூளை மட்டும் எனக்குத் தாராளமாக இருப்பதாக நினைப்பு.)

செம்பூரில் ஆபீஸ் குவார்ட்டர்ஸ் ஒன்று காலியானது. இரண்டு அறை, சொந்தக் குழாய்! யாருக்குத் தரலாம் என்று சிபாரிசு செய்ய வேண்டியவர் என் கணவருடைய மேனேஜர். பெரிய வெள்ளை மீசை, காப்பிப் பைத்தியம். "ஞாயித்துக்கிழமை உங்காத்துக்குக் காப்பி சாப்பிட வரேன்" என்று அவரே சொல்லிவிட்டார்.

எங்கள் ஃபில்டரின் ஓட்டைகளோ தேய்ந்து பெரிதாகியிருந்தன. எப்படிப் போட்டாலும் டம்ளர் அடியில் மண்டி நிற்கும். அந்த வாரம் பார்த்து, ஒரு பத்திரிகையில் சேஃப்டி பின், ஜிப் எல்லாம் யார் கண்டுபிடித்தார்கள் என்று கட்டுரை வந்தது. அதில் ஒரு ஜெர்மன் அம்மாள், மண்டி பொறுக்காமல், பிள்ளையின் நோட்டிலிருந்த, மை ஒற்றுகிற பிளாட்டிங் பேப்பரைக் கிழித்துக் காப்பியை வடிகட்டினாளாம். பிறகு கம்பெனியே ஆரம்பித்தாளாம். ஜெர்மனியில் நடந்தது மாதுங்காவில் நடக்காதா?

புதுப் பேப்பர் வாங்கியிருக்கலாம். வீட்டில் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று வளர்க்கப்பட்டவள் நான். என் கணவர் ஆபீஸிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய பிளாட்டிங் பேப்பரை மூன்று தடவை குழாய்த் தண்ணீரில் அலசிக் காயப்போட்டேன். கடைசித் தண்ணீர் தெளிவாக இருந்தது. கொதிக்கிற தண்ணீருக்கு வேறு குணம் உண்டு என்று தோன்றவில்லை.

டிகாக்ஷன் கறுப்பாகத்தான் இறங்கியது. பால் விட்டதும் சாம்பல் நிறமாயிற்று. தண்ணீர்ப் பால் என்று பால்கார பையாவை மனதுக்குள் திட்டிக்கொண்டே நுரை பொங்க ஆற்றிக் கொடுத்தேன்.

"பேஷ்! துளி மண்டி இல்லையே! எப்படிம்மா?" என்றார் மேனேஜர்.

அத்தோடு சிரித்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். நான் ஜெர்மன் அம்மாள் கதையை முதலிலிருந்து சொன்னேன். சொல்லச் சொல்ல, நுரை பட்ட மீசை நீலமாகிக்கொண்டு வந்தது. என் கணவர் கண்ணால் ஜாடை காட்டினார். பெண்டாட்டியை நினைத்துப் பெருமைப்படுகிறார் என்று நான் இன்னும் விரிவாகச் சொன்னேன்.

"எந்தப் பேப்பர்? காட்டு பார்ப்போம்" என்றார் மேனேஜர்.

ஓடிப்போய் எடுத்துவந்து நீட்டினேன். மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு மூலையில், இடம் வலம் மாறி, மங்கலாக அவருடைய கையெழுத்தே இருந்தது. மெதுவாகக் கைக்குட்டையால் மீசையைத் துடைத்தார். கைக்குட்டையும் நீலம்.

"நான் வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சோப்புக்கு அசையாத மீசையோடு அவர் திங்கட்கிழமை ஆபீஸ் போனதாகக் கேள்வி. குவார்ட்டர்ஸ் வேறொருவருக்குப் போனது. மறுநாள் வாளியோடு பொதுக் குழாயடியில் நின்றபோது உண்மையாகவே அழுதேன்.

எங்கள் முறை வர நாலு வருஷம் ஆயிற்று. செம்பூரில் பால் காய்ச்சிய அன்று மேனேஜரும் வந்தார். மீசையைச் சுத்தமாக எடுத்திருந்தார்.

"என்ன சார், மீசை?" என்றார் என் கணவர்.

"உங்காத்துக் காப்பி சாப்பிடணுமே ஓய்!"

இப்போதும் நான் ஏதாவது படித்துவிட்டு, "ஏன்னா, எனக்கு ஒரு யோசனை" என்று ஆரம்பித்தால் போதும். பிறந்ததிலிருந்து மீசையே வைக்காத என் கணவர், மேலுதட்டைக் கையால் மூடிக்கொள்கிறார்.