தேரை நிறுத்திய திருவிழா மிஸ்

சாமியையே முந்திக்கொண்டு பண்டிகை கொண்டாடிய ஒரே மனுஷி, எனக்குத் தெரிந்து, எங்கள் திருவிழா மிஸ்தான். பண்டிகை அன்றைக்குத்தான் பள்ளிக்கூடம் லீவு ஆச்சே. அதனால் முந்தின நாளே யூகேஜி வகுப்பில் பிள்ளையாரும் பிறந்துவிடுவார், ஏசுவும் பிறந்துவிடுவார். பிள்ளைகளைப் பெற்ற நாங்கள் எல்லாரும் திருவிழா மிஸ் என்றுதான் சொல்வோம். நிஜப் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பெற்றவர்கள் கணக்கில் என்னையும் சேர்த்துக்கொண்டேன். கயலை நான் பெறவில்லை, என் கடைசித் தம்பி மகள். கடலூர்ப் பக்கம் குப்பத்தில் பிறந்தவள். தாய் தகப்பன் இரண்டு பேரும் போனபிறகு மூன்று வயசில் என் இடுப்பில் ஏறிச் சிதம்பரம் வந்தாள். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, மார்க்கெட்டில் மீன் விற்கிறேன். அத்தைம்மா என்று கூப்பிடுவாள். பள்ளிக்கூட ஃபாரத்தில் அம்மா என்ற இடத்தில் என் கையெழுத்துதான் இருக்கிறது. கோணலாக இருக்கும், ஆனால் கையெழுத்து. ரேகை இல்லை.

சேர்த்த புதிதில் ஒருநாள் சாயங்காலம் கூப்பிடப் போனால், வகுப்பே மஞ்சளாக இருக்கிறது. சட்டை மஞ்சள், ரிப்பன் மஞ்சள், தண்ணீர் பாட்டில்கூட மஞ்சள். நடுவில் என் பிள்ளை மட்டும் யூனிபாரத்தில், எலுமிச்சம்பழக் கூடையில் விழுந்த கத்தரிக்காய் மாதிரி நிற்கிறாள். முகம் வீங்கியிருக்கிறது. நேராக மிஸ்ஸிடம் போனேன்.

"என்னா மிஸ், சொல்லாம கொள்ளாம மஞ்ச டிரெஸ்ஸுன்றீங்க?"

"போன்ல அனுப்பினேனே அத்தைம்மா."

மூன்றாவது வரைக்கும் படித்தவள் நான். தமிழை எழுத்துக் கூட்டுவேன். அது முழுக்க இங்கிலீஷ். அதைப் போய் மிஸ்ஸிடம் சொல்வேனா?

"என் போன்ல வெளிச்சம் மங்கிப் போச்சி. எழுத்தே தெரியல."

மிஸ் என்னை ஒரு நிமிஷம் பார்த்தது. "ஆமாங்க, சில போனு அப்படித்தான்," என்றது. அன்றிலிருந்து எனக்கு மட்டும் வாயால் பேசி அனுப்பும்.

அதோடு பிடித்தது எனக்குச் சனி. எழுத்து தெரியவில்லை என்று தப்பிக்கவும் வழியில்லை. வஞ்சிரத்தைப் பாதி அறுத்துக்கொண்டிருப்பேன், போன் பேசும். "அத்தைம்மா, நாளைக்குக் களிமண்ணுல ஒரு பிள்ளையார்." "அத்தைம்மா, நாளைக்கு அஞ்சு வகைப் பழம், அஞ்சும் வேற வேற கலர்ல." வாங்க வந்தவர் சிரிப்பார். எனக்கு அழுகை வரும். ராமாயணம் முழுக்க நடந்து முடிய எத்தனையோ வருஷம் ஆனது. இந்த வகுப்பில் ஒரு மாசத்தில் நாலு அவதாரம்.

பிள்ளையாரையாவது ஒன்று வாங்கி நடுவில் வைக்கலாமா? ஆளுக்கு ஒன்று என்று இருபத்தெட்டுப் பிள்ளையார். சுண்டல் தின்று முடித்ததும், கரைக்கிறோம் என்று எல்லாப் பிள்ளையாரையும் ஒரு பிளாஸ்டிக் டப்பில் இறக்கிவிட்டது மிஸ். மண் கரையக் கரைய இருபத்தெட்டுப் பிள்ளைகளும் ஓலம். "என் பிள்ளையாரக் குடு" என்று தெருவே கேட்டது. கயல் பாக்கெட்டில் ஒரு தும்பிக்கையைக் காப்பாற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இன்றும் அலமாரியில் இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வாட்ச்மேனுக்குப் பஞ்சுத் தாடி ஒட்டி, சிவப்பு நைட்டி போட்டு உள்ளே அனுப்பியது மிஸ். பாதிப் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில். ஒருத்தன் கிறிஸ்துமஸ் தாத்தாவின் கையைக் கடித்துவிட்டான். "ஏம்மா, எனக்கு கேட்டுல நிக்கத்தாம்மா சம்பளம்," என்று தாடியோடு புலம்பினார் அந்த மனுஷர்.

பிறகு மார்கழித் தேர் வந்தது. சிதம்பரத்துத் தேர் மேலவீதிப் பக்கம் வரும்போது நிற்கும். மீன்பிடிக்கிற ஜனங்கள் நாங்கள் அம்மனுக்குத் தாய்வீட்டுச் சீர் கொடுப்போம். அம்மன் ஒரு காலத்தில் மீனவப் பெண்ணாகப் பிறந்தவள், எங்கள் வீட்டுப் பெண். பட்டும் பூவும் பழமும் நாங்கள் கொடுத்த பிறகுதான் தேர் நகரும். இதைக் கயல் வகுப்பில் சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள்.

"மீன்கார வூட்டுக்கு சாமி சொந்தமா? பொய்யி."

அன்று ராத்திரிச் சோறு அவள் தொடவில்லை. "நீ மீன் விக்காத அத்தைம்மா," என்றாள். சோற்றை மூடி வைத்துவிட்டு அவளைத் தூங்க வைத்தேன்.

மறுநாள் பதினோரு மணிக்குப் போன் பேசியது. "அத்தைம்மா, உடனே வாங்க. தேர் நிக்குது. உங்க சீர் வந்தாத்தான் நகரும்."

வழக்கம்போலப் பைத்தியம் முற்றிவிட்டது என்று திட்டிக்கொண்டே, ஒரு ரவிக்கைத் துண்டு, பூ, வாழைப்பழம், தேங்காய் வாங்கி ஒரு தட்டில் வைத்துக்கொண்டு, மீன் வாடைப் புடவையோடு ஓடினேன். போனால், தண்ணீர் கேன் வண்டிமேல் மூங்கில் கட்டி, கலர் பேப்பர் சுற்றி, உள்ளே புடவை கட்டிய பொம்மையோடு ஒரு தேர். அது பெரிய மேடம் ரூம் வாசலில் பக்காவாக மாட்டிக்கொண்டு நிற்கிறது. மேடம் உள்ளே.

"மிஸ், தள்ளுங்க. நான் வெளிய வரணும்."

"சீர் வராம தேர் நகராதுங்க மேடம். முறை அது."

"யாருக்கு முறை?"

"கயல் வூட்டுக்கு மேடம். அம்மனோட தாய்வீடு அவுங்கதான்."

வராந்தா முழுக்கப் பிள்ளைகள். நான் தட்டை நீட்டினேன். மிஸ் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றி, பொம்மை முன்னால் வைத்தது. உள்ளேயிருந்து, "எந்த வீடா இருந்தாலும் சீக்கிரம் குடுங்கம்மா, நான் பாத்ரூம் போகணும்," என்று சத்தம். பிறகு மிஸ் கயல் கையில் வடத்தைக் கொடுத்தது. ஒரே இழுப்பு, நிலைக்கதவின் ஓரக்கட்டையைப் பெயர்த்துக்கொண்டு தேர் நகர்ந்தது.

கயல் திரும்பி ஒரு பையனைப் பார்த்தாள். "நான் பொய் சொல்லல, பாத்தியா? அது எங்க அத்தைம்மா." மீன் வாடை வீசும் என் காலைக் கட்டிக்கொண்டாள்.

தேர் தானாக மாட்டியதா, மிஸ் மாட்டிவிட்டதா என்று நான் கேட்கவில்லை. மிஸ்ஸும் சொல்லவில்லை. கோடை லீவில் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டது.

இப்போது கயல் ஒன்றாவது. புது மிஸ் நல்ல மாதிரி. ஒரு பண்டிகையும் கிடையாது, லீவு விட்டால் லீவு. நிம்மதியாக மீன் அறுக்கிறேன். வியாபாரம் மந்தமான மத்தியானங்களில் கையைத் துடைத்துவிட்டு, போன வருஷத்துப் போன் பேச்சைத் தட்டி வைத்துக் கேட்கிறேன். "அத்தைம்மா, நாளைக்கு மறக்காம..." என்கிறது. மறக்கவில்லை மிஸ்.